சுட்டுப் பார்த்தால் திருப்பி எடுக்க மாட்டோம்

போன வாரம் அனீஷ் போன் பண்ணினான். நான் கடைசியாக வேலை பார்த்த ஸ்போர்ட்ஸ் சாமான் கடையில் பில் போடுகிறவன், நல்ல பையன், என்னை இக்கா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவான். அந்தக் கம்பெனி காக்கநாட்டில் இன்னொரு பெரிய கிளை திறக்கிறதாம். அதில் ஏர் ரைஃபிளுக்கென்றே தனியாக ஒரு மூலை, வருகிறவர்கள் எல்லாரும் எடுத்து ஆசை தீர விசையை இழுத்துப் பார்க்கலாமாம். திறப்பு விழாவுக்கு வீடியோ எடுக்கிறார்கள், பழைய ஊழியர் என்கிற முறையில் நான் இரண்டு நிமிஷம் பேச வேண்டுமாம். "சிரிச்ச முகத்தோட பேசணும் இக்கா, அவ்வளவுதான் அவங்க சொன்னது" என்றான். எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த சாயா பாதி லுங்கியில் கொட்டியது.

சிரித்த முகமா? எந்த முகத்தை வைத்துக்கொண்டு என்னிடம் கேட்கிறார்கள்? பேசுகிறேன், ஆனால் இரண்டு நிமிஷத்தில் முடியாது என்று சொல்லி போனை வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். தமிழில் எழுதினால் அந்தக் கடையில் ஒருத்தருக்கும் படிக்கத் தெரியாது. தெரிந்தேதான் எழுதுகிறேன். வயிற்றெரிச்சலை எங்கேயாவது கொட்ட வேண்டுமே.

என் பெயர் ஷாகுல். கொச்சியில் மட்டாஞ்சேரிக்காரன். எங்கள் அத்தாவுடைய அத்தா கம்பம் பக்கத்திலிருந்து ஏலக்காய் மூட்டையோடு வந்து இங்கேயே தங்கிவிட்டவர். வீட்டில் தமிழ், வாசலைத் தாண்டினால் மலையாளம். படிப்பு ஏறவில்லை. எர்ணாகுளத்தில் துப்பாக்கி விற்கும் கடை ஒன்றில் துடைக்கிற வேலைக்குச் சேர்ந்தேன். எண்ணெய் போடப் பழகி, கழற்றி மாட்டப் பழகி, ஒரு வழியாகக் கவுண்டருக்கு வந்தேன். அதற்கு எத்தனை வருஷம் ஆயிற்று என்பதெல்லாம் இங்கே தேவையில்லை.

முதலாளி வர்க்கிச்சன் தங்கமான மனுஷர் என்றெல்லாம் நான் கதை விட மாட்டேன். வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தை. பெருநாளுக்கு லீவு கேட்டால் "நிலா உன் வீட்டுக் கூரை மேல மட்டும்தான் தெரியுதா?" என்பார். ஆனால் கவுண்டருக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள் வந்து நின்றுவிட்டால் வேறு ஆளாகிவிடுவார். லைசென்ஸைப் பார்த்ததும் முதலில் உட்காரச் சொல்வார். சாயா வரும். என்ன பயிர், கண்ணாடி போடுகிற ஆளா, எந்தக் கையால் வெட்டுக்கத்தி பிடிப்பீர்கள் என்று எல்லாம் கேட்பார். பிறகுதான் துப்பாக்கி வெளியே வரும். குழலைத் திறந்து காலியா என்று அவர் பார்ப்பார், என்னைப் பார்க்கச் சொல்வார், வாங்க வந்தவரையும் பார்க்கச் சொல்வார். அப்புறம் தன் சட்டைப் பையிலிருந்து இரண்டு போலித் தோட்டாக்களை எடுத்து உள்ளே போட்டுவிட்டுத்தான் விசையில் விரல் வைக்க விடுவார். வெறும் குழலோடு இழுத்தால் உள்ளே இருக்கிற ஊசி அடிபடும் என்று அவருக்குப் பயம். ஒரு எஸ்டேட் முதலாளி, பெரிய புள்ளி, அவசரப்பட்டு வெறுமனே இழுத்துவிட்டார். "சேட்டா, உங்க பல்ல நீங்களே அடிச்சு உடைப்பீங்களா? அப்புறம் என் தோக்க எதுக்கு உடைக்கிறீங்க?" என்று வர்க்கிச்சன் போட்ட சத்தத்தில் ரோட்டில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். தோக்கு என்றால் எங்கள் ஊரில் துப்பாக்கி. அந்த எஸ்டேட்காரர் முகம் சிவந்து போனாலும் மறுநாள் அங்கேயே வந்துதான் வாங்கினார்.

புகார் வந்தால் அவருக்கு ஒரு வரிசை உண்டு. "முதல்ல தோக்கைப் பாரு. அப்புறம் நம்ம வேலையைப் பாரு. ஆளை எல்லாத்துக்கும் கடைசியில பாரு." குறி தப்புகிறது என்று யாராவது வந்தால், 'உங்களுக்குச் சுடத் தெரியாது' என்கிற பேச்சு கடையில் யார் வாயிலும் வரக் கூடாது.

கோதமங்கலம் பக்கத்திலிருந்து குரியன் சேட்டன் என்று ஒரு விவசாயி வந்தார். கப்பை, அதாவது மரவள்ளித் தோட்டத்தைப் பன்றி கிளறிப் போடுகிறது என்று முறைப்படி அனுமதி வாங்கிச் சுடப் போனவர். கிட்டத்தில் நின்ற பன்றியையே இரண்டு தடவை தவறவிட்டார். ஊரே சிரித்தது. பெற்ற மகன்களே "அப்பச்சனுக்குக் கை நடுங்குது" என்று சொல்லி, துப்பாக்கியை விற்றுவிடச் சொன்னார்கள். அவர் விற்கத்தான் வந்திருந்தார். வர்க்கிச்சன் வாங்கவில்லை. துப்பாக்கியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகு நேரம் பார்த்தார். குழல் நுனியில் குறி பார்க்கிற மணி, முந்தின மழைக்கு முன்னால் எங்கள் கடையில்தான் ஒட்டிக் கொடுத்தது, ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. சரிசெய்து கொடுத்து அனுப்பியிருந்தால் போதும். ஆனால் மனுஷன் என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறி அந்த வீட்டுக்கே போனார். மகன்கள் இருவரையும் முற்றத்துக்குக் கூப்பிட்டு, "உங்க அப்பன் கை நடுங்கல. என் கடையில செஞ்ச வேலை சரியில்ல. தப்பு எங்களுது" என்றார். குரியன் சேட்டன் தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் நான் கேட்டேன், இதற்கு இவ்வளவு தூரம் வர வேண்டுமா என்று. "தோக்கை நீயும் நானும் சரியாக்கிட்டோம். அந்த ஆளை யாருடா சரியாக்குறது?" என்றார். பிறகு டிரைவர் ஓட்டுகிற லட்சணத்தைத் திட்ட ஆரம்பித்துவிட்டார்.

வர்க்கிச்சன் கண்ணை மூடினார், வெளிநாட்டில் இருந்த பிள்ளைகள் வந்து கடையை மூடினார்கள். எனக்கு வேறு தொழில் தெரியாது. அப்போதுதான் மாலில் இருந்த இந்த ஸ்போர்ட்ஸ் சாமான் கடையில் ஏர் ரைஃபிள் கவுண்டருக்கு ஆள் தேடினார்கள். நாடு முழுக்கக் கிளை வைத்திருக்கிற கம்பெனி. நீலச் சட்டை கொடுத்து, நெஞ்சில் 'விளையாட்டு நண்பன்' என்று ஒரு பட்டை குத்தினார்கள். நரைத்த தாடியோடு நான் நண்பன்! என் பேரப்பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தன.

ஆலுவாவில் ஒரு ஓட்டல் அறையில் வைத்துப் பயிற்சி. தலைமை அலுவலகத்திலிருந்து வந்த பெண், வாடிக்கையாளரிடம் சொல்லக் கூடாத வார்த்தைகளைத் திரையில் காட்டினாள். 'இல்லை' கூடாது. 'தெரியாது' கூடாது. 'எங்கள் தப்பு' கூடவே கூடாது. அதற்குப் பதிலாக 'உங்களுக்கு ஏற்பட்ட அசௌகரியம்' என்று சொல்ல வேண்டுமாம். புதுச் செருப்பு காலைக் கடித்தால் அசௌகரியம். காசு வாங்கிக்கொண்டு பழுதான சாமானைத் தலையில் கட்டினால் அதற்குப் பெயர் வேறு.

கடைக்குள் போனால் அதைவிடக் கூத்து. பெல்லட் என்கிற ஈயக் குண்டு கேட்டு வருவார்கள், எங்களிடம் இருக்காது. ரைஃபிள் இருக்கும், அதற்குக் குண்டு இருக்காது! ஆன்லைனில் போட்டுக்கொள்ளச் சொல்ல வேண்டும். எண்ணெய் கேட்டால் சைக்கிள் செயினுக்குப் போடுகிற எண்ணெயை எடுத்து நீட்டுவார்கள். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் மட்டும் மாற்ற வேண்டும் என்று ஒரு பெரியவர் வந்தார். "அங்கிள், புது மாடல் பாருங்களேன்" என்றாள் பக்கத்துக் கவுண்டர்ப் பெண். இருக்கிற ரைஃபிளுக்கு வழி கேட்டால் புது மாடலைக் காட்டுகிறாளே என்று அவர் என்னைப் பார்த்தார். நான் என்ன செய்வேன், நண்பனாயிற்றே, இளித்தேன்.

ஆனால் என் ரத்தத்தைக் கொதிக்க வைத்தது 'எடுத்துப் பார், இழுத்துப் பார்' என்று அவர்கள் கொண்டுவந்த திட்டம்தான். ஏர் ரைஃபிளில் வெடிமருந்து கிடையாது. குழலை மடக்கினால் உள்ளே ஸ்பிரிங் இறுகும். விசையை இழுத்தால் ஸ்பிரிங் பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் காற்றைத் தள்ளும், காற்று குண்டைத் தள்ளும். குண்டு இருந்தால்தான் காற்றுக்கு ஒரு தடை உண்டு. இல்லாவிட்டால் பிஸ்டன் நேரே போய் முட்டும். இன்னும் ஒரு படி இருக்கிறது என்று நினைத்துக் காலை வைத்துத் தரையில் குத்திக்கொள்கிறோமே, அது மாதிரி. நாள் முழுக்க அப்படி முட்டினால் உள்ளே இருக்கிற வாஷர் கிழியும், ஸ்பிரிங் தளரும். இதைச் சொல்ல நான் ஒன்றும் மேதையாக இருக்க வேண்டாம். செய்கிறவனே பெட்டி மேல் சிவப்பெழுத்தில், படம் போட்டு, குண்டில்லாமல் இழுக்காதே என்று அச்சடித்திருக்கிறான்.

அந்தப் பெட்டியை எடுத்துக்கொண்டு போய் மேனேஜர் நிதினிடம் காட்டினேன். சின்ன வயது, கழுத்தில் டை, பேசும்போது தேன் வழியும். "இக்கா, அது கம்பெனிக்காரங்க சும்மா போடறது. சிகரெட் பெட்டியில போடலையா?" என்றான். ஞாயிற்றுக்கிழமை மாலுக்கு வருகிற கூட்டம் பூராவும் அந்த ஒரு ரைஃபிளை வரிசையில் நின்று இழுத்தது. ஐஸ்கிரீம் கையோடு இழுத்தார்கள், செல்ஃபி எடுத்துக்கொண்டு இழுத்தார்கள். தடுத்தால் என் பேரில் புகார்.

ஜமீலா வந்தது அந்தச் சமயத்தில்தான். எங்கள் ஊர்க்காரி, பஜார் ரோட்டில் ஒரு கிடங்கில் சுக்கு தரம் பிரிக்கிற வேலை. புருஷன் மௌத்தாகி வெகு காலம். ஒரே மகள் சுமையா, பிளஸ் டூ படிக்கிறாள். பள்ளிக்கூடத்து என்.சி.சி.யில் முதல்முறை சுட்டபோதே அவள் குறியைப் பார்த்து ரைஃபிள் கிளப் கோச் கூப்பிட்டுக்கொண்டார். மாநில அணிக்கு ஆள் எடுக்கும் போட்டி வரப்போகிறது, சொந்தமாக ஒரு ரைஃபிள் இருந்தால் வீட்டிலும் பழகலாம் என்று துபாயிலிருந்து தாய்மாமன் பணம் அனுப்பியிருந்தான். "அண்ணே, இந்தப் புள்ள இதத் தவிர வேற எதையும் பேச மாட்டேங்குது" என்று ஜமீலா சலித்துக்கொள்கிற மாதிரி பெருமைப்பட்டாள். ஸ்டாக் தீர்ந்திருந்தது. புதுப் பெட்டிகள் வரட்டும், நான் இருக்கும்போது வா என்று சொல்லி அனுப்பினேன்.

அவளுக்குக் கிடங்கில் லீவு கிடைத்த நாள் எனக்கும் வார விடுப்பு. மாசக் கடைசி, புதுப் பெட்டிகள் வரவில்லை, விற்பனைக் கணக்கும் எட்டவில்லை. நிதின் என்ன செய்தான் தெரியுமா? ஊரெல்லாம் இழுத்துத் தள்ளிய அந்த டிஸ்பிளே ரைஃபிளைத் துடைத்து, பாலிதீன் சுற்றி, பெட்டியில் போட்டு, புது சீல் ஒட்டி அவளிடம் கொடுத்துவிட்டான்.

எனக்கு இது தெரியாது. ஒரு மாசம் கழித்துத் தாயும் மகளும் அதே பெட்டியோடு வந்து நின்றார்கள். போட்டி அந்த வாரச் சனிக்கிழமை.

"அண்ணே, இத மாத்தி வேற ஒண்ணு தருவாங்களா? இவளுக்கு வசப்படற மாதிரி, கொஞ்சம் லேசானது?"

"ஏன், இதுல என்ன?"

"ரைஃபிள்ல ஒண்ணும் இல்ல மாமா" என்றாள் சுமையா, தரையைப் பார்த்துக்கொண்டே. "எனக்குத்தான் வரல."

குண்டு கீழே கீழே போகிறதாம். குறியை உயர்த்தினாளாம், கடைசி வரை உயர்த்தியும் கீழேதானாம். முதலில் மூச்சு சரியில்லை என்றார் கோச். பிறகு பிடி சரியில்லை என்றார். பிறகு மனசு இங்கே இல்லை என்றார். அவள் குழல் நுனியில் தண்ணீர் பாட்டிலைக் கட்டித் தூக்கிப் பிடித்துப் பழகியிருக்கிறாள், தோள் வீங்குகிற அளவுக்கு. "கிளப் ரைஃபிள்ல சுடும்போது எல்லாம் ஏதோ குருட்டு யோகம்" என்று அந்தப் பிள்ளை தன் வாயால் சொன்னாள்.

குழலை மடக்கிப் பார்த்தேன். ஸ்பிரிங் இறுகுகிற கனமே கைக்குத் தெரியவில்லை. அதற்குள் அனீஷ் வந்து என் காதோரம், "இக்கா, அது டிஸ்பிளே பீஸ். சார் சொல்லித்தான் பேக் பண்ணினோம்" என்றான். நேரே நிதின் அறைக்குள் போனேன்.

"சார், அந்தக் குட்டிக்குக் கொடுத்தது டிஸ்பிளே பீஸ். உள்ள ஸ்பிரிங் போயிடுச்சு. புதுசு ஒண்ணு கொடுங்க, சனிக்கிழமை அவளுக்கு செலக்ஷன்."

"பெல்லட் போட்டுச் சுட்டாங்களா இக்கா?"

"சுடாம? தொட்டில்ல போட்டு ஆட்டுவாங்களா?"

"அப்போ யூஸ்டு. சுட்டுப் பார்த்தா திருப்பி எடுக்க மாட்டோம். பாலிசி."

"சுட்டுப் பாக்காம பழுது எப்படி சார் தெரியும்?"

"சுடாம கொண்டு வந்திருந்தா எடுத்திருப்போமே!"

இதைச் சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு சிரிப்பு கூட இல்லை. நிஜமாகவே அது நியாயம் என்று நம்பினான். பிறகு எழுந்து வெளியே வந்தான். ரைஃபிளைக் கையில் வாங்கினான். குழலை மடக்கினான், நிமிர்த்தினான், குண்டில்லாமல் 'டக்' என்று இழுத்தான். ஆண்டவனே! "பாருங்க, நல்லாத்தான் வேலை செய்யுது. ரைஃபிள்ல ஒரு குறையும் இல்ல. மோள் இன்னும் கொஞ்சம் பிராக்டிஸ் பண்ணணும், சரியா?" என்று சுமையாவைப் பார்த்து இனிப்பாகச் சிரித்தான். அந்தப் பெண்ணும் தலையை ஆட்டினாள்.

"பொய் சொல்லாதீங்க சார்!" என்று கத்தினேன். கடை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. ஜமீலா பயந்துபோய் மகள் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். எஸ்கலேட்டர் வரை ஓடி, "மோளே, அவன் சொல்றத நம்பாத, ரைஃபிள்தான் கெட்டுப் போயிருக்கு" என்றேன். அவள் மரியாதைக்கு ஒரு சிரிப்பு சிரித்தாள். டை கட்டின மேனேஜர் ஒன்று சொல்கிறான், மூச்சிரைக்க ஓடி வந்த தெரிந்த மாமா ஒன்று சொல்கிறார். யாரை நம்புவாள்?

நான் விடவில்லை. மேலிடத்துக்கு அனீஷை வைத்து மெயில் போட்டேன். பெங்களூரில் இருக்கும் பெரிய அதிகாரி அம்மா கம்ப்யூட்டர் திரையில் வந்தாள். முதலில் ஒரு யோகா பாய் இலவசமாகத் தருகிறோம் என்றாள். யோகா பாய்! நான் இறங்கி வராததைப் பார்த்து, நல்லெண்ண அடிப்படையில் புது ரைஃபிளே தருகிறோம், ஒப்புதல் வர ஏழு வேலை நாள் ஆகும் என்றாள்.

"நீங்க ரைஃபிளே தர வேண்டாம் அம்மா. இன்னைக்கே அந்தப் பிள்ளைக்கு ஒரு போன் போட்டு, பழுது ரைஃபிள்ல, தப்பு எங்க மேலன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. போதும்."

"அப்படிச் சொன்னா கம்பெனி ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுமே."

"ஆகட்டுமே! ஒத்துக்கிட்டா என்ன, கொம்பா முளைச்சிரும்?"

திரை அணைந்தது. நிதின் என் தோளில் கைவைத்து, "இக்காவுக்கு ரெஸ்ட் வேணும்" என்றான். ஓய்வு வயதுக்கு எனக்கு இன்னும் சில மாசம் இருந்தது. அதை அவர்களே வைத்துக்கொள்ளட்டும் என்று நீலச் சட்டையைக் கழற்றி அவன் மேஜை மேல் போட்டுவிட்டு பனியனோடு மாலிலிருந்து இறங்கினேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வரும்போது ஜமீலாவை வழியில் பார்த்தேன். சுமையா போட்டிக்குப் போகப் போவதில்லையாம். கிளப் ரைஃபிளிலேயே சுடு என்று கோச் எவ்வளவோ சொன்னாராம். "என் பேரை வெட்டிடுங்க சார், வேற யாருக்காவது இடம் கிடைக்கட்டும்" என்றுவிட்டாளாம். ஜமீலா இதைச் சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

புது ரைஃபிள் அதற்கடுத்த வாரம் வந்தது. பழையதைக் கூரியர்காரன் முன்பே வாங்கிக்கொண்டு போய்விட்டான், ஒப்பிட்டுக் காட்டக்கூட ஒன்றும் இல்லை. அனீஷ் பெட்டியை என்னிடம் கொடுத்தான், நானே எடுத்துக்கொண்டு போனேன். அவர்கள் வீடு பஜார் ரோட்டுக்குப் பின்னால், சுக்கு வாசனை அடிக்கிற ஒரு சந்தில். சுமையா கதவைத் திறந்தாள். பெட்டியை வாங்கிக் கட்டிலுக்கடியில் தள்ளப் போனாள்.

"பிரிச்சுப் பாரு மோளே. வா, இப்பவே கிளப்புக்குப் போவோம். ஒரு அட்டை சுடு, உனக்கே தெரியும்."

"வேண்டாம் மாமா. பரீட்சை வருது."

அங்கேயே நின்றபடி எல்லாவற்றையும் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், ஐஸ்கிரீம் கை, பாலிதீன், புது சீல் எல்லாம். "உன் கையில ஒரு குறையும் இல்ல. உன் மூச்சுல, உன் மனசுல ஒண்ணும் இல்ல. தப்பு முழுக்கக் கடை மேல" என்றேன்.

அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு, "இத அவங்க சொன்னாங்களா மாமா?" என்றாள்.

"அவங்க சொல்லல மோளே. நான் சொல்றேன்."

"நீங்க நல்லவங்க மாமா. அதான் சொல்றீங்க" என்று சொல்லிவிட்டு, எனக்குச் சாயா போட உள்ளே போனாள்.